கோர்வை விட்டுப்போகாத புரதம்

அன்பு மகளே,

ஃபேஜ் புரதங்களில் ஆராய்ச்சி செய்ய உனக்கு இடம் கிடைத்த அன்று, உன் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, "இது என்ன படிப்பு அண்ணே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலிலிருந்தே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். இதே துறையில் கால் வைக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். அது பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, வெளியேறும் வேளையில் ஒரு புரதத்தால் அதன் சுவரை உள்ளிருந்தே அறுக்கிறது. அந்தப் புரதம்தான் எண்டோலைசின், சுருக்கமாக லைசின். சுவர் அறுந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடும். வைரஸை விட்டுவிட்டு, புரதத்தை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? 2001-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு எலிகளிடம் இதைச் செய்து பார்த்தது. அவற்றின் வாயிலும் தொண்டையிலும் குடியேறியிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரின் கங்காஜென் நிறுவனம் பி128 என்ற புரதத்தை உருவாக்கி 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஃபேஜ் கே என்ற வைரஸ் பாக்டீரியாவுக்குள் நுழையும்போது சுவரில் துளையிட, அதன் வாலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் அறுக்கும் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் சுவரை இறுகப் பற்றும் பகுதியை லைசோஸ்டாஃபின் என்ற வேறொரு புரதத்திலிருந்து எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். பிறகு மூக்கில் தடவும் மருந்தாக மனிதர்களிடமும் சோதித்தார்கள்.

இதைக் கேட்டதும் உன் அப்பா, "கோர்வைதானே!" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. கோர்வையில் புடவையின் உடலும் கரையும் தனித்தனி நிறம், தனித்தனி நாடா. ஊடைக்கு ஊடை இரண்டையும் கோத்து நெய்தால்தான் புடவை. நீ கட்டப்போகும் புரதமும் அப்படித்தான். அறுக்கும் பகுதி ஓரிடத்திலிருந்து வரும், பிடிக்கும் பகுதி வேறிடத்திலிருந்து வரும். நடுவில் இருக்கும் இணைப்பு எத்தனை நீளம், எத்தனை நெகிழ்வு என்பதைப் பொறுமையாக மாற்றி மாற்றிப் பார். நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

தட்டில் பாக்டீரியா அழிந்து தெளிவான வட்டம் தெரியும் அன்று நீ மகிழ்வாய். ஆனால் அன்றைக்கே மருந்து கிடைத்துவிட்டதாக எண்ணாதே. உப்புக் கரைசலில் நடந்த வேலை ரத்தத்தில் கூடலாம், குறையலாம். சீழிலும் சர்க்கரைப் புண்ணிலும் வேறு மாதிரி இருக்கும். நெய்து முடித்ததும் உன் அப்பா கோர்வையை விரலால் இழுத்துப் பார்ப்பாரே, அதே கண்டிப்போடு உன் புரதத்தையும் இழுத்துப் பார்.

எக்ஸிபகேஸின் கதையை மனப்பாடமாக வைத்துக்கொள். ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பரவிய நோயாளிகளுக்கு, வழக்கமான ஆன்டிபயாடிக்குடன் சேர்த்துக் கொடுத்த லைசின் அது. இரண்டாம் கட்டச் சோதனையில், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி தாக்கியவர்களில் லைசின் பெற்றோரில் 74 சதவீதம் பேர் தேறினார்கள், பெறாதோரில் 31 சதவீதம் பேர்தான். எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி 70-க்கும் 60-க்குமாகச் சுருங்கியது. மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2022-இல் நிறுத்தப்பட்டது. ஒரு சிறு பிரிவில் மின்னும் எண்ணைக் கண்டு மயங்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைசின்கள் இதுவரை வென்றது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம்தான். நம் ஆஸ்பத்திரிகளை உலுக்குபவை கிராம் நெகட்டிவ் கிருமிகள். அவற்றுக்கு ஆன்டிபயாடிக்கை முறிக்கும் ஆற்றல் தரும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரைக்கு முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் மட்டும் அந்த நொதி கொண்ட 44 கிருமி மாதிரிகள் பதிவாயின. இந்தக் கிருமிகளுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. வெளியிலிருந்து வரும் லைசினை அது தடுத்துவிடும். சிறு பெப்டைடுகளைச் சேர்த்து அதைத் தாண்ட வெளிநாட்டில் முயல்கிறார்கள். நம் ஊர் நோயாளிக்காக உழைக்க விரும்பினால், அந்தச் சவ்வின் முன்னால் போய் உட்கார்.

என் அப்பாவின் காலில் வந்த புண் எந்த மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் தறியில் உட்காரவே இல்லை. உன் நோட்டில் ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது அப்படிப்பட்ட ஒருவரை நினைத்துக்கொள். வென்ற சோதனைக்கு எத்தனை வரி எழுதுகிறாயோ, தோற்ற சோதனைக்கும் அத்தனை வரி எழுது. உனக்குப் பின்னால் வரும் பிள்ளை அதிலிருந்து தொடங்கட்டும்.

உன் பெரியப்பா,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்