சக்கராசனமும் படிப்படியான பயிற்சியும்

ஆலய ஆண்டு விழா மலரிலே தல வரலாறு, திருமுறைச் சிறப்பு, விரத மகிமை ஆகியவற்றுடன் யோகாசனம் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெறுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் யோகம் நமது சமயத்துக்குப் புறம்பானதன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனச் சைவம் வகுத்த நான்கு பாதங்களுள் மூன்றாவது அதுவே. திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றார். சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று வந்த அடியார்கள் அங்குள்ள கோபுர வாயில்களில் 108 கரணங்களும் சிற்பமாக இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவற்றுள் சில, உடலைப் பின்புறமாக வில்போல வளைத்து நிற்பவை.

இவ்வாண்டு இக்கட்டுரையை எழுத ஒரு காரணம் உண்டு. நமது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் விழா மேடையில் ஆசனங்கள் செய்து காட்ட விரும்பினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சக்கராசனத்தின் மீதே கண். "பத்து நாளில் பழக்கி விடலாம்தானே ஐயா?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். அதே வாரத்தில் மண்டபத்துக்கு வரும் மூத்தவர்கள், "இந்த வயதில் எங்களுக்கு முதுகு வளையுமா?" என்று கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்பது அடியேனின் எண்ணம். அதை இங்கே விளக்க முற்படுகின்றேன்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, உள்ளங்கைகளைக் காதருகே ஊன்றி, உடல் முழுவதையும் மேலே உயர்த்தி வளைந்து நிற்பதே நாம் சக்கராசனம் என்று கூறுவது. பி.கே.எஸ். ஐயங்கார் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இதற்கு ஊர்த்துவ தனுராசனம் என்று பெயர். பெயர் எதுவாயினும் செய்கை ஒன்றே.

இது ஏன் கடினமாக இருக்கிறது? நமது முதுகெலும்பில் கழுத்துப் பகுதியில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என அசையக்கூடிய எலும்புகள் 24 உள்ளன. மார்புப் பகுதி எலும்புகளோடு விலா எலும்புகள் பொருந்தியிருப்பதால் அப்பகுதி பின்புறமாக இலகுவில் வளையாது. கீழ் இடுப்போ சற்று எளிதில் வளையும். ஆகவே அவசரப்படுகிறவர் உடலெல்லாம் விறைப்பாக இருக்க, கீழ் இடுப்பில் ஓரிடத்தை மட்டும் மடித்து உயர்ந்து விடுகிறார். பார்ப்பவர் கைதட்டுவர். வலி பிறகு வரும். தோள், மார்பு, தொடையின் முன்பக்கம் ஆகிய மூன்றும் இளகிக் கொடுத்தால் மட்டுமே வளைவு முதுகு முழுவதும் பகிரப்படும். கடன்காரன் மூவர் இருக்க, ஒருவனிடமே முழுக்கடனையும் வசூலிப்பது போன்றது கீழ் இடுப்பை மட்டும் வளைப்பது. (கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இந்த உவமைதான் வருகிறது.)

நமது ஊரவர்க்கு இந்த மூன்று இடங்களும் இறுகிக் கிடப்பதற்குத் தொழிலும் ஒரு காரணம். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி, நிரை நிரையாகக் குனிந்தே ஆயுளைக் கழித்த தாய்மார் எத்தனை பேர்! கவ்வாத்து வெட்டுகிறவரும், றப்பர் மரத்திலே தாழ்ந்த பட்டையில் பால் வெட்டுகிறவரும் முன்புறம் குனிந்தே நிற்பவர்கள். கச்சேரியில் கோவைகளோடு முப்பத்தைந்து வருடம் கதிரையில் இருந்த எழுதுவினைஞனின் நிலையும் வேறல்ல. இன்று பிள்ளைகளும் கைத்தொலைபேசியை நோக்கிக் குனிந்தபடியே இருக்கிறார்கள். குனிந்த முதுகை நிமிர்த்துவதே பின்வளைவு ஆசனங்களின் முதற்பயன். சக்கரமாக வளைவது அதற்கு அப்பால் வருவது.

இங்கே ஐயங்கார் அவர்களின் வாழ்க்கையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1918 டிசம்பர் 14ஆம் திகதி, கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்த காலத்தில், கர்நாடகத்துப் பெள்ளூர் என்னும் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் மலேரியா, தைபோயிட், காசநோய் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடல் மெலிந்து போனது. 1934இல் மைசூரிலே தமது அக்காவின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் சென்று சேர்ந்தார். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி வந்தவர் அவர். அங்கே விருந்தினர் முன்னிலையில் காட்சி நடத்தும் பொருட்டு, கடினமான ஆசனங்களைக் குறுகிய நாட்களில் செய்து காட்டும் நிர்ப்பந்தம் இளைஞருக்கு ஏற்பட்டது. செய்தும் காட்டினார். 1938இல் எடுக்கப்பட்ட ஊமைப்படத்தில் அவ்வுடல் வளைவதைப் பார்ப்பவர் வியந்து போவர். ஆனால் அந்த அவசரம் தமது உடலுக்குத் தந்த வலியைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

அந்த வலியிலிருந்து அவர் கற்றது என்ன என்பதையே நாம் கவனிக்க வேண்டும். செங்கல், கதிரை, கயிறு, மரப்பலகை, தலையணை எனக் கையிற் கிடைத்த பொருட்களை ஆதாரமாக வைத்து, வளையாத உடலும் நோகாமல் வளைவதற்கு வழி கண்டார். 1975இல் பூனா நகரில் திறக்கப்பட்ட அவரது நிலையத்தில் அதுவே பயிற்சி முறையாயிற்று. பின்னர் 1979இல், அறுபது வயது நிறைந்த நிலையில், இரண்டு ஸ்கூட்டர் விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்தன. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குக் கற்பித்தவர், புது மாணவனைப்போல் அடிப்படை ஆசனங்களிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. பல வருடம் உழைத்துத் தமது பின்வளைவுகளைத் திரும்பப் பெற்றார். 2014இல் 95 வயதில் காலமாவதற்குச் சில வருடங்களுக்கு முன்வரையும் மரப்பலகையில் சாய்ந்து வளைந்திருக்கும் படங்கள் உள்ளன. பதினாறு வயதில் அவசரத்தில் பெற்ற வளைவைவிட, அறுபதுக்குப் பின் பொறுமையாகப் பெற்ற வளைவையே அடியேன் பெரிதாக மதிக்கின்றேன்.

நமக்கு அருகிலும் ஒரு பெரியவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்து, சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்ட சுவாமி சச்சிதானந்தர், 1953இல் இலங்கைக்கு வந்து திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்து யோகம் போதித்தார். 1966இல் அமெரிக்கா சென்ற அவரே, 1969இல் லட்சக்கணக்கான இளைஞர் கூடிய வூட்ஸ்டாக் இசைவிழாவைத் தமது உரையால் தொடக்கி வைத்தார். 1970இல் வெளியான அவரது ஆசன நூலில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் தாமே ஆசனங்களைச் செய்து காட்டும் படங்கள் இருக்கின்றன.

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஆலயத்தில் அட்டாங்க நமஸ்காரம் செய்யத் தெரிந்த எவரும் முதற்படியின் வாசலில் நிற்பவரே. சூரிய நமஸ்காரத்தில் அட்டாங்க நமஸ்காரத்தை அடுத்து வருவது புஜங்காசனம். குப்புறப் படுத்து, நெற்றியை நிலத்தில் வைத்து, கைகளை மார்பின் அருகே ஊன்றி, தொப்புள் நிலத்தை விட்டு எழாமல் மார்பை மட்டும் உயர்த்துக. உயர்ந்ததும் உள்ளங்கைகளை ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கும் உயரமே உங்கள் முதுகு தானாகப் பெற்ற உயரம். மீதி உயரம் கை தந்த இரவல். இந்த ஒரு சோதனையை மட்டும் மறவாமல் செய்து வந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

அடுத்தது சலபாசனம், அதன்பின் சேதுபந்தாசனம். மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்துவது இது. முழங்கால்கள் வெளிப்புறம் அகலாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு மேற்சொன்ன மூன்று இடங்களுக்கும் தனித்தனியே வேலை கொடுக்க வேண்டும். தோளுக்கு: கதிரையின் முன் முழந்தாளிட்டு, முழங்கைகளை இருக்கையின் மேல் ஊன்றித் தலையைக் கைகளிடையே தாழ்த்துக. மார்புக்கு: பாயைச் சுருட்டித் தோட்பட்டை எலும்புகளின் கீழ் குறுக்காக வைத்து மூன்று நிமிடம் மல்லாந்து படுத்திருக்கலாம். இதைப்போல இதமானது வேறொன்றில்லை. தொடைக்கு: ஒரு காலை முன்வைத்து, மறு முழங்காலை நிலத்தில் ஊன்றி, இடுப்பை மெதுவாக முன்னே தாழ்த்த வேண்டும். இவை பழகியபின் சுவரோடு தொடை ஒட்டியபடி முழந்தாளிட்டு உஷ்டிராசனம். அதன்பிறகே சக்கராசனம். அதிலும் முதலில் உச்சந்தலை நிலத்தில் தொடும் அளவு உயர்ந்து, அங்கே மூச்சு சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சீராக இல்லையெனில் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கி விடுக. கைகளை முழுவதும் நீட்ட முடியாதவர்கள் சுவரோரம் இரண்டு செங்கற்களை உறுதியாக வைத்து, அவற்றின்மேல் உள்ளங்கையை ஊன்றினால் தோளுக்குச் சுமை குறையும்.

இவை எவ்வளவு காலத்தில் வரும்? பதஞ்சலி முனிவர் நாள் கணக்குச் சொல்லவில்லை. நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு என்ற மூன்றையே சொல்கிறார். அடியேன் ஓய்வு பெற்றபின் தொடங்கியவன். பழைய வழக்கத்தை விடாமல் ஒரு சீ.ஆர். கொப்பியில் நாள், ஆசனம், நின்ற மூச்சின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்து வருகின்றேன். உச்சந்தலையில் நிற்க எட்டு மாதம் சென்றது. தலை நிலத்தை விட்டு எழுந்தது பதினான்காம் மாதம். முழங்கை நேரானது மூன்றாம் வருடம். கொப்பியைப் புரட்டினால் ஏறுமுகம் மட்டும் தெரியாது. மார்கழிக் குளிரும் மழையும் சேர்ந்த வாரங்களில் எண்ணிக்கை குறைகிறது. மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கி வந்தபின் பழைய இடத்துக்கு வர ஒன்றரை மாதம் பிடித்தது. அதிகாலையில் எழுந்தவுடன் உடல் விறைப்பாகவும், மாலையில் இளக்கமாகவும் இருப்பதையும் கொப்பியே காட்டிற்று.

நமது மண்டபத்துக்கு வரும் ஓர் அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர். வந்த புதிதில் தலைக்கு இரண்டு தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க முடியாது. சுருட்டிய பாயின்மேல் படுப்பதையும் புஜங்காசனத்தையும் தவிர வேறு எதுவும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குப் பின் ஒருநாள் வீதி வலம் வந்து நின்று, "ஐயா, இப்ப தூபிக் கலசத்த நிமிர்ந்து பார்க்கிறேன்" என்றார். அவர் சக்கராசனம் செய்யப் போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

பிள்ளைகளின் நிகழ்ச்சி பற்றிப் பரிபாலன சபையில் கருத்து வேறுபாடு இருந்தது. சக்கராசனம் இல்லாவிட்டால் சனம் எழுந்து போய்விடும் என்றார் ஒருவர். நீண்ட நேரம் பேசி, ஒவ்வொரு பிள்ளையும் தான் ஐந்து மூச்சு அமைதியாக நிற்கக்கூடிய படியையே மேடையில் காட்டுவது என முடிவாயிற்று. ஆகவே மேடையிலே சிலர் புஜங்காசனத்திலும், சிலர் சேதுபந்தாசனத்திலும், இருவர் மட்டும் சக்கராசனத்திலும் நிற்பதைக் காண்பீர்கள். அத்தனை பேருக்கும் கைதட்டுமாறு வேண்டுகின்றேன்.

உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், முதுகெலும்பு விலகல், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் சக்கராசனத்தைத் தவிர்க்க வேண்டும். எலும்பு தேய்ந்த முதியவர்கள் வைத்தியரின் அனுமதியின்றி எதையும் தொடங்கக் கூடாது. உணவுக்குப் பின் மூன்று நான்கு மணித்தியாலம் கழிய வேண்டும். கூரிய வலி, கால்வரை இழுக்கும் மரமரப்பு, தலைச்சுற்று ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்துக. முடிந்ததும் திடீரெனக் குனியாமல், மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைத்துச் சிறிது நேரம் இருக்க வேண்டும்.

மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஆண்களுக்கும், ஞாயிறு காலை அறநெறி வகுப்பு முடிந்தபின் பெண்களுக்கும் பயிற்சி நடைபெறுகிறது. கட்டணம் கிடையாது. பாய் ஒன்றும் துவாய் ஒன்றும் கொண்டு வருக. கிளினிக் செல்பவர்கள் தமது கிளினிக் கொப்பியையும் முதல் நாளிலேயே காண்பித்தல் வேண்டும்.