பொழுது சாய்வதற்குள் ஊர் சேருங்கள்

ஆப்பிரிக்காவில் தரை வழியாகப் பயணம் போகப்போகிறேன் என்றதும் எல்லாரும் என்னிடம் கேட்டது சிங்கத்தைப் பற்றித்தான். போட்ஸ்வானாவின் மவுன் நகரில் தொடங்கி, ஜாம்பியா, தான்சானியா கடந்து நைரோபி வரை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே அஞ்ச வேண்டியது இருட்டிய பிறகு வரும் நெடுஞ்சாலைக்கு. வண்டி, விசா, பணம் எல்லாவற்றையும்விட முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

அந்தப் பக்கம் பெரும்பாலான மாதங்களில் சூரியன் ஆறு, ஆறரைக்கெல்லாம் இறங்கிவிடும். அந்தி மயங்கும் நேரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சட்டென்று கும்மிருட்டு. தெருவிளக்கு இல்லாத சாலையில் ஆடு, கழுதை, சைக்கிளில் கரி மூட்டை ஏற்றிப் போகிறவர், பின்விளக்கு எரியாத லாரி எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கும். ஜாம்பியாவிலும் தான்சானியாவிலும் லாரி பழுதாகி நின்றால், ஓட்டுநர் பக்கத்துப் புதரில் கிளைகளை ஒடித்துக் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தாரின் மேல் போட்டு வைப்பார். அதுதான் அங்கே எச்சரிக்கைப் பலகை. பகலில் பச்சை இலை தூரத்திலேயே தெரியும், காலைத் தூக்கி வேகத்தைக் குறைத்துவிடலாம். இரவில் சக்கரத்தடியில் கிளை நொறுங்கும்போதுதான் தெரியும். அடுத்த நொடி லாரி. விடிந்ததும் கிளம்பி மாலை நான்கு மணிக்குள் தங்குமிடம் சேருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப் ஐந்து மணி நேரம் என்று காட்டினால் எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரைமேல் கூடாரம் வைத்த நான்கு சக்கர இயக்க வண்டியை மவுனில் வாடகைக்கு எடுத்து, வடக்கே கசானேயில் விட்டுவிடுவதாக ஏற்பாடு செய்துகொண்டேன். வழியில் நாட்டா என்ற சிற்றூரில் டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. அங்கிருந்து கசானே வரை ஏறக்குறைய 300 கி.மீ.; இருபுறமும் வேலி கிடையாது, யானைகள் சாலையைக் கடந்தபடியே இருக்கும். யானையைக் கண்டால் தள்ளியே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். எல்லாம் கடந்துவிட்டன என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். புதருக்குள்ளிருந்து ஒரு குட்டி ஓடிவரும், அதன் பின்னால் அதன் தாய் வரும். அந்தி நேரத்தில் யானையின் நிறமும் தாரின் நிறமும் ஒன்றாகிவிடுகிறது என்பதை அந்தச் சாலையில்தான் கண்டேன்.

முகாம்களில் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களை வண்டியிலோ கூடாரத்திலோ வைக்கவே வைக்காதீர்கள். அந்த வாசனைக்கு யானை வண்டிக் கதவையே பிய்த்துவிடும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவுக்குள் இந்தப் பழங்களைக் கொண்டுபோகவே தடை இருக்கிறது. போட்ஸ்வானாவில் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகளும் உண்டு. சாவடியில் வண்டியை நிறுத்தி, பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், மருந்தில் நனைத்த சாக்கின் மேல் செருப்போடு மிதித்து வரச் சொல்வார்கள். பைக்குள் இருக்கும் ஷூவையும் கேட்பார்கள், கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கசானேயை ஒட்டிய கஸுங்குலாவில் ஜாம்பேசி ஆற்றைக் கடக்க முன்பெல்லாம் மிதவைப் படகுதான். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் காத்துக் கிடக்கும். 2021-ல் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்துவிட்டார்கள். ஜிம்பாப்வே எல்லைக்குள் போகாமலிருக்க வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அக்கரை சேர்ந்தால் லிவிங்ஸ்டன், அங்கே விக்டோரியா அருவி. 108 மீட்டர் உயரம், அகலமோ 1.7 கி.மீ. ஏப்ரல் மாதப் பெருவெள்ளத்தில் போனால் சாரலைத் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியப் பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொருத்தமான காலம். சாலைகளும் அப்போது காய்ந்திருக்கும். ஆனால் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

லிவிங்ஸ்டனுக்குப் பிறகு ரயில் பயணம். ஜாம்பியாவின் கபிரி இம்போஷியிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரை 1,860 கி.மீ. ஓடுகிறது டாசாரா ரயில்பாதை. வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீஷியாவை நம்பாமல் ஜாம்பியாவின் செம்பு கடலுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று 1970-களில் சீனக் கடனுதவியோடு போட்ட பாதை. என் பயணத்தில் மறுபடி ஒரு முறை போகவேண்டும் என்று ஏங்கவைத்தது இதுதான். ஒவ்வொரு நிலையத்திலும் பெண்கள் தலைமேல் வாழைத்தாரும் தக்காளிக் கூடையும் சுமந்து ஜன்னலோரம் ஓடிவருவார்கள். பேரம் முடிவதற்குள் ரயில் நகரத் தொடங்கும், காசும் பழமும் ஓட்டத்திலேயே கைமாறும். முதல் வகுப்பில் ஓர் அறைக்கு நான்கு படுக்கை. ஆண், பெண் தனித்தனியாகத்தான் தருவார்கள். குடும்பமாகப் போனால் அறை முழுவதையும் எடுத்துவிடுங்கள். குடிநீரும் டார்ச்சும் கட்டாயம். சேவை அவ்வப்போது நின்றுபோகும் என்பதால் இப்போது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தாமதம் நிச்சயம் உண்டு; ரயிலுக்கு மறுநாளே விமான டிக்கெட் போட்டுவைப்பது வீண் மனவேதனை.

நான் வழியில் தான்சானியாவின் இம்பேயாவில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். சுவாஹிலி பேசும் ஊர்களில் மணியைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. டிக்கெட்டில் 12 என்று பேனாவால் எழுதித் தந்தால் பெரும்பாலும் அது காலை ஆறு. கைக்கடிகாரத்தை நீட்டி முள் எங்கே நிற்கும் என்று காட்டச் சொல்லுங்கள். தொலைதூரப் பேருந்துகள் இரவில் ஓட தான்சானியாவில் பல ஆண்டுகள் தடையே இருந்தது. இப்போது தடை நீங்கிவிட்டாலும் நான் பகல் வண்டியில்தான் ஏறினேன். அதற்கு இன்னொரு லாபமும் உண்டு: இரிங்காவுக்கும் மொரோகோரோவுக்கும் இடையே நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகிறது. பேருந்துக் கட்டணத்திலேயே ஜன்னலோரமாக வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கலாம்.

டாலர் நோட்டுகள் புதியதாக, மடிப்பும் கறையும் இல்லாமல் இருக்கட்டும். பழைய வரிசை நோட்டுகளைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, எல்லைக்கு முன்பே பைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் போடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு 10 நாளாவது முன்னால் போட்டாக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.