தூண்டிலும் உரிமச் சீட்டும்

குளத்து மீன் யாருக்குச் சொந்தம்? சிறு வயதில் எங்கள் ஊர் ஏரியில் தூண்டில் போட்டபோது, குத்தகைதாரரின் காவற்காரர் என்னை விரட்டினார். அன்று எழுந்த இக்கேள்விக்கு, இங்கிலாந்தின் மீன்பிடிச் சட்டத்தைப் படித்தபோதுதான் ஓரளவு விடை கிடைத்தது.

அங்கு நன்னீரில் தூண்டிலிட, 13 வயது நிரம்பிய எவரும் உரிமச் சீட்டு பெறவேண்டும். 13 முதல் 16 வயது வரை கட்டணமில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு அடிப்படை. சீட்டின்றிப் பிடிபட்டால் 2,500 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். கட்டணத் தொகை மீன்வளப் பாதுகாப்புக்கும், குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கும், கண்காணிப்புக்கும் செலவாகிறது.

தூண்டிற்காரர்கள் இதனை எவ்வாறு கருதுகின்றனர்? கரைக்கு உரியவருக்கும் தனியே பணம் தரவேண்டியிருக்க, அரசுக்கும் எதற்கு என்பர் ஒரு சாரார். பணம் கட்டியும் சோதிக்க எவரும் வருவதில்லை. கட்டாதவனோ பக்கத்திலேயே அமர்ந்து மீன் பிடிக்கிறான் என்பர் மற்றொரு சாரார்.

முன்னவருக்கு, ஆற்றைக் காக்கும் செலவே விடையாகும். பின்னவரின் குறையோ சட்டத்தின் மீதன்று. அதன் தளர்ச்சியின் மீதே. நேர்மையாளன் தன்னை ஏமாளியென்று எண்ணாதிருக்கவும் சோதனை தேவை என்பது என் துணிபு.

ஆயினும் சோதிப்பவர் காரணத்தையும் சொல்லவேண்டும். அன்று அந்தக் காவற்காரர் அதைச் சொல்லியிருந்தால், மறுநாள் பனைமர மறைவில் நின்று நான் மீண்டும் தூண்டில் போட்டிருக்கமாட்டேன்!