சூறைக்காற்றுக்குப்பின் மான்கொம்புப் பெரணியை இடம் மாற்றுதல்

பெங்களூரில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், சித்திரை வைகாசி மாதங்களில், பகலெல்லாம் காய்ந்த வானம் மாலையில் திடீரெனக் கறுத்து இடியும் காற்றுமாக இறங்குவது வழக்கம். ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் தொழிற்கூடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கிவிட்டபோதிலும், பழைய மதில்களுக்குள் இன்னும் சில தோட்டங்கள் உண்டு. அத்தகைய தோட்டமொன்றில், குல்மோகர் எனப்படும் செம்மயிற்கொன்றையின் பெருங்கிளை முறிய, அடுத்த கிளையிற் பலகையோடு தொங்கவிட்டிருந்த மான்கொம்புப் பெரணி ஒரே கம்பியில் சாய்ந்து நிற்பதாகக் கொள்வோம். இருபது ஆண்டு வளர்ந்த செடி; அன்றே அறுத்து இறக்கிவிட வீட்டார் விரைவர். அது தவறு. கிளை மின்கம்பியைத் தொட்டிருப்பின் மின்வாரியப் பணியாளர் வரும்வரை எவரும் நெருங்கலாகாது. அல்லவெனில், தடித்த கயிற்றாற் பலகையை வலிய கிளையோடு பிணைத்து, கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, இரண்டு மூன்று நாள் காத்திருத்தல் நலம்.

காத்திருப்பதற்குக் காரணம் செடியின் அமைப்பிலேயே உள்ளது. தோட்டங்களிற் பரவலாகக் காணப்படும் பிளாட்டிசீரியம் பைஃபர்காட்டம் என்னும் இனம் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு உரியது. அதன் உறவினமொன்று நம் நாட்டில் மணிப்பூர்க் காடுகளில் இயற்கையாக வளர்கிறது. இவை மரத்தின்மேல் தங்குமேயன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இலைகள் இருவகை. மான்கொம்புபோற் கிளைத்துத் தொங்குபவை சிதல்களைத் தாங்குவன. அவற்றின் நுனியின் அடிப்புறத்திற் காணும் பழுப்புத் திட்டு சிதல்களே, நோயன்று. மற்றவை கேடயம்போல் வேரை மூடி, பசுமை இழந்து காய்ந்தபின்னும் அடுக்கடுக்காக நிலைத்திருப்பவை. இக்காய்ந்த அடுக்குகளைக் குப்பையென்று களைவோர் பலர். உண்மையில் நீரையும் மட்கையும் பிடித்துவைக்கும் பஞ்சு அதுவே. வேர்கள் அதனுள்ளேயே ஓடுகின்றன.

இப்பஞ்சின் எடையை மாணாக்கர் எளிதிற் கணிக்கலாம். 60 செ.மீ. குறுக்களவுள்ள அரைக்கோளமாகச் செடியைக் கொண்டால் அதன் கன அளவு ஏறத்தாழ 56 லிட்டர். அதிற் பாதி நீரால் நிறைந்திருப்பின் நீர் மட்டுமே 28 கிலோகிராம்; பலகையும் செடியும் வேறு. மழை நனைந்த மாலையில் ஏணிமேல் நின்று ஒருவர் தாங்கக்கூடிய சுமையன்று அது. நீரூற்றாது விட்டால் சில நாளில் எடை கணிசமாகக் குறையும். நாள்தோறும் மழை தொடரின், மேலே மட்டும் ஒரு தாளை விரித்துப் பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்துவிடலாம். சிறிய செடியொன்றை விற்றராசில் தொங்கவிட்டு, நனைக்குமுன்னும் பின்னும் நிறுத்துக் காட்டின் வகுப்பில் இதைவிடத் தெளிவான பாடம் வேண்டா.

இறக்கும்போது சுமையைப் பலகை தாங்கவேண்டும். இலைகளையோ கேடயங்களையோ பிடித்துத் தூக்கலாகாது. பலகையின் அடியிற் சாக்குத் தொட்டில் அமைத்து, மேலே நிலையான கப்பியும் கீழே நகரும் கப்பியும் பூட்டினால், உராய்வு நீங்கலாக, இழுவிசை பாதியாகும். கயிற்றை இருவர் பிடிக்க, ஒருவர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவார். சுமையின் நேர்கீழே யாரும் நிற்கக்கூடாது.

பழைய பலகை உளுத்திருந்தாலும் செடியை அதிலிருந்து பிரிக்கவேண்டா. வேர் மரத்தோடு ஒட்டியிருக்கும், பிரித்தாற் கிழியும். பழைய பலகையோடு சேர்த்தே பெரிய புதுப்பலகையில், துருவேறாத திருகாணிகளால் இறுக்குவதே சிறந்தது. இடையில் உப்பு நீங்கக் கழுவிய தென்னை நாரை வைக்கலாம். தாமிரக் கம்பி வேண்டா; மிகையான தாமிரம் வேருக்கு நஞ்சு. நடுவே புது இலை புறப்படும் மொட்டின்மேல் கயிறு படலாகாது. முன்பு மேல்நோக்கியிருந்த பக்கம் இப்போதும் மேல்நோக்கியே அமையட்டும். சுவரில் மாட்டுவதாயின் ஆணியை மட்டும் நம்பாது, பலகையின் அடியை இரும்புத் தாங்கியின்மேல் அமர்த்தவேண்டும்.

எடையைக் குறைக்கச் செடியைத் துண்டாக்கலாமா என்று கேட்பதுண்டு. 2021-ல் வெளியான ஆராய்ச்சியொன்று லார்ட் ஹௌ தீவில் இவ்வினத்தின் கூட்டங்களை ஆராய்ந்தது. கூட்டத்திலுள்ள செடிகளின் இலை வடிவம் இருக்குமிடத்துக்கேற்ப மாறுவதையும், சில செடிகள் சிதலே உண்டாக்காமல் இருப்பதையும் அது எடுத்துக்காட்டி, தேனீக் கூட்டத்தோடு ஒப்பிட்டது. அவ்வொப்புமை எவ்வளவு பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. ஆயினும் நீரைச் சேர்த்துவைக்கும் பஞ்சு கூட்டத்துக்கே பொது என்பதில் ஐயமில்லை. ஆகவே முறிந்து தொங்கும் பகுதியை மட்டும், தனக்குரிய கேடயத்தோடும் வேரோடும் அறுத்தெடுத்துத் தனிப்பலகையிற் கட்டலாம். மற்றதை முழுமையாகவே விடுக.

மரநிழல் போனபின் அதே இடத்தில் வைத்தால் நண்பகல் வெயில் இலைகளைப் பொசுக்கிவிடும். கிழக்குச் சுவரோ நிழல்வலையின் அடியோ ஏற்றது. இலைமேற் காணும் வெண்துகள் நீரிழப்பைத் தடுக்கும் மயிர்களாதலின் துடைத்தல் கூடாது. முதல் வாரங்களில் அளவாகவே நீர் தெளித்து, பிடிப்புகளைச் சோதித்தபின் முழுதும் நனைக்கலாம். கேடயத்தினுள் வாழைப்பழத்தோல் செருகும் வழக்கம் எறும்புக்கு விருந்தாகுமே தவிர, செடிக்கு இன்றியமையாததன்று. கொம்பிலைகள் சில வாடி உதிர்வது கண்டு கலங்கவேண்டா. பழைய கேடயத்தின்மேல் புதிய பசுங்கேடயம் ஒன்று படர்ந்து, புதுப்பலகையின் விளிம்பைத் தொடுமாயின் செடி அவ்விடத்தை ஏற்றுக்கொண்டது என அறியலாம். அதுவரை பிணைப்புக் கயிற்றை அவிழ்க்கலாகாது.