கைகாட்டிக்கு ஓர் இலக்கணம்

மொழிக்கு இலக்கணம் இருப்பது போல, இருப்புப் பாதையின் ஓரத்தே நிற்கும் கைகாட்டிகளுக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஓட்டுநர் அவற்றைக் கண்ணாற் கண்டு பொருள் உணர்வார். கணிப்பொறிக்கோ கண் இல்லை. எழுதிக் கொடுத்ததையே அது அறியும். ஆயின், எவற்றை எம்முறையில் எழுதுவது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடையே கார்டு லைனில் அமைந்தது பெண்ணாடம் நிலையம். அதன் எல்லையில் நிற்கும் விளக்குக் கைகாட்டி ஒன்றைக் கருதுக. அதைப்பற்றி முதலில் எழுத வேண்டுவது நிறம் என்பர் சிலர். அது பொருந்தாது. என்னை? நிறம் வண்டிக்கு வண்டி மாறும். கைகாட்டி மாறாது நிற்கும். ஆதலின் நிலையானவற்றையும் மாறுவனவற்றையும் வேறு வேறாக எழுதுதல் முதல் விதியாம்.

நிலையானவை ஐந்து: எண், வகை, இடம், திசை, ஆளும் பாதை என்பன. டிஸ்டன்ட், ஹோம், ஸ்டார்ட்டர் முதலியன வகைகள். இடம் கிலோமீட்டர்க் கணக்கால் குறிக்கப்படும். இடம் ஒன்றே போதாதோ எனின், போதாது. இரட்டைப் பாதையில் ஒரே கிலோமீட்டர்க் கணக்கில் எதிரெதிர்த் திசைகளுக்குரிய இரு குறிகள் நிற்றல் கூடும். திசையும் பாதையும் கூறாவிடின் ஒன்று மற்றொன்றாக மயங்கும்.

இனி, உறவு என்பதொன்று உண்டு. ஒற்றை மஞ்சள் விளக்கு, அடுத்த கைகாட்டியில் நிற்கச் சித்தமாய் வருக என்று பணிப்பது. எனவே அடுத்த கைகாட்டி இன்னதென்று எழுதாவிடின் மஞ்சளின் பொருள் நிறைவுறாது. பச்சைக்கும் அஃதே. ‘பாயிண்ட்’ என வழங்கும் பாதைமாற்றி உரிய பாதைக்குப் பொருந்திப் பூட்டப்பட்ட பின்னரே பச்சை தோன்றலாம். ஆதலின் எக்கைகாட்டி எப்பாதைமாற்றியோடு பிணைந்தது என்பதும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும்.

பலகைகளும் இவ்வாறே. வேகத்தடை முடியும் இடத்தைக் காட்டும் பலகை, பயணி வண்டிக்கு ஒன்றும் சரக்கு வண்டிக்கு ஒன்றுமாக இரண்டு உண்டு. வண்டியின் கடைசிப் பெட்டியும் தடையைக் கடந்த பின்னரே வேகம் கூட்டலாகும். இருவகை வண்டிகளின் நீளமோ வேறு. ஆகவே, யாருக்குரியது என்பதும் எழுதப்பட வேண்டும். தற்காலிகப் பலகையாயின் அதற்குரிய நாளும் வேண்டும்.

ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ரயில்எம்எல்’ என்னும் பொதுவடிவம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. பாதையமைப்பு, கைகாட்டிப் பிணைப்பு, கால அட்டவணை, வண்டிகள் என அது செய்திகளைப் பகுத்து எழுதுகின்றது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட ‘கவச்’ அமைப்பிற்கும் இத்தகைய விவரங்கள் இன்றியமையாதன. பாதையில் பதித்த சிறு வில்லைகளால் எஞ்சின் தான் இருக்குமிடம் அறியும். கைகாட்டியின் நிலையை வானொலி வாயிலாக அறியும். ஓட்டுநர் தவறின் தானே பிரேக் இடும். எழுதி வைத்த இடம் பிழையாயின் அக்காவல் எங்ஙனம் பயன்படும்?

பிழையின் விலை யாது என்பதை 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் கண்டோம். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்ப்பாதைக்குரிய பச்சை தெரிந்தது. பாதைமாற்றியோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு வண்டியில் அது மோதியது. அவ்விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைகாட்டி மின்சுற்றில் முன்னர்ச் செய்த மாற்றத்திலும், கடவுக் கதவுத் தடுப்பை மாற்றிய பணியிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பாதையோரப் பெட்டியில் கம்பிகளுக்கு இட்ட பெயர்கள் பிழையாய், பல்லாண்டு கவனிக்கப்படாது இருந்தன என்பதும் வெளிப்பட்டது.

இதனாற் பெறப்படும் கடைசி விதி ஒன்றுண்டு. ஒவ்வொரு குறியைப் பற்றிய குறிப்பிலும், அது என்று, யாரால் நேரிற் சென்று ஒப்புநோக்கப்பட்டது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். களத்தில் கம்பியொன்று மாறின் அன்றே ஏடும் மாறுதல் வேண்டும். பொறியியல் பயிலப் புகும் மாணவர், கணக்கிற் பெறும் நுட்பத்தோடு பெயரிடுவதில் வேண்டும் நேர்மையையும் கற்பாராக. பெட்டியின் மேல் ஒட்டும் ஒரு சிறு சீட்டை நம்பியே ஆயிரம் பேர் வண்டியில் உறங்குகின்றனர்.