காலி வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

எஸ்டேட் வேலைக்கு இசுஸு வி-கிராஸ் வைத்திருக்கிறேன். மண்பாதையில் காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. 4 அங்குல லிஃப்ட் கிட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், வால்பாறை

வேண்டாம். லிஃப்ட் கிட் வண்டியை உயர்த்தும், குதிப்பதை நிறுத்தாது. பின்னால் இருப்பது பாரம் சுமக்கவென்றே விறைப்பாக அமைத்த லீஃப் ஸ்பிரிங். மேலே சுமை இல்லாவிட்டால் அது வளைய மறுக்கும், அவ்வளவுதான். வண்டியில் கோளாறு என்று பயப்படாதீர்கள்.

முதலில் செலவில்லாத வைத்தியம். மண்பாதையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, 24 பிஎஸ்ஐ அளவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலை ஏறியதும் நிரப்பிவிடவேண்டும். சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பணம் போடவேண்டிய இடம் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்கும்; அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக்தான். கல்பாதையில் நெடுநேரம் ஓடினால் அதன் உள்ளே எண்ணெய் சூடேறி, அடக்கும் பலம் குறைந்துபோகும். நைட்ரஜன் நிரப்பிய மோனோட்யூப் ஷாக் அந்தச் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். உங்கள் பாதைக்கு அதுதான் சரி.

லீஃப் ஸ்பிரிங்கையும் மாற்றுவதானால், அன்றாடம் எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்பதைக் கடையில் சொல்லி வாங்குங்கள். எப்போதாவது ஏற்றும் உர மூட்டைகளுக்காகக் கனமான செட் போட்டால் மற்ற நாளெல்லாம் உங்கள் முதுகுதான் வாங்கும்.

உயரம் வேண்டுமென்றால் 40 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் முன்சக்கர சிவி ஜாயின்ட்டின் கோணம் அதிகமாகிச் சீக்கிரம் தேயும், வளைவுகளில் வண்டி சாய்வதும் கூடும். பொள்ளாச்சியில் வேலையை முடித்தால், வீல் அலைன்மென்ட்டையும் அங்கேயே பார்த்துவிட்டு வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுங்கள்.