ஏடும் திண்மநிலைச் சேமிப்பகமும்

நாவழி வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஓலையில் எழுதப்பெற்றது என்பது மரபு. 1848 ஆம் ஆண்டுக் கலகத்தில் அங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன. யட்டவத்தப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலதன்று. நூலைப் பேணுவோர் அது பதிந்த பொருளையும் பேணல் வேண்டும்.

ராஸ்பெரி பை என்பது 2012 இல் வெளிவந்த கையகல ஒற்றைப்பலகைக் கணினி. இது பெரும்பாலும் மைக்ரோ எஸ்டி அட்டையைக் கொண்டே இயங்கும். அவ்வட்டையின் நுண்ணறைகள் ஓரளவுக்குமேல் அழித்தெழுதலைத் தாங்கா. இயங்குதளமோ இடையறாது குறிப்பெழுதும். ஆதலின் அட்டை நாளடைவில் தேயும். திண்மநிலைச் சேமிப்பகத்தின் அறைகளும் அத்தன்மையனவே. எனினும், அதன் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதும் சுமையை எல்லா அறைகட்கும் செவ்வனே பகிர்ந்தளிக்கும். விரைவும் மிகுதி.

இதனைப் பொருத்தும் முறை வருமாறு: 2023 இல் வந்த ஐந்தாம் பையின் மின்னிணைப்பை முதலில் அகற்றுக. 2024 இல் வெளிவந்த எம்.2 ஹாட் பிளஸ் பலகையை நாடாவடத்தால் இணைத்து, அதன்மேற் சேமிப்பகத்தைச் செருகித் திருகாணியால் இறுக்குக. பின் அட்டையாலேயே கணினியைத் தொடங்கி, அதிலுள்ள அனைத்தையும் சேமிப்பகத்திற்குப் படியெடுக்க. தொடக்க வரிசையில் சேமிப்பகத்தை முன்வைத்துக் கணினியை நிறுத்துக. அட்டையை நீக்கி மீளத் தொடங்கின் பணி முற்றும்.

எழுதுங்கால் மின்சாரம் தடைப்படின் சேமிப்பகமும் பிழைபடக்கூடும். ஆதலின், கல்லூரியின் பழைய மலர்களைப் படமாக்கிக் காக்க விழையும் மாணாக்கர், வேறோரிடத்தில் மறுபடியொன்றும் வைப்பாராக. அலுவிகாரை ஏடுகளின் அழிவு நமக்குணர்த்தும் பாடம் இதுவே.